நமக்கு வேண்டிய குழந்தை

சங்கீத வித்துவான்களுக்கு அபிமானிகள் வாய்ப்பது இன்று நேற்று ஏற்பட்ட சம்பிரதாயம் அன்று. எஸ். ஜி. கிட்டப்பா நாடக மேடையில் மேல் ஸ்தாயியைத் தொடும் அந்த ஒரு கணத்துக்காக, இரட்டை மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து விடிய விடிய மண் தரையில் உட்கார்ந்திருந்தவர்களை நம் பாட்டனார்கள் கண்டிருக்கிறார்கள். 1944-ஆம் ஆண்டுத் தீபாவளிக்குச் சென்னை பிராட்வே தியேட்டரில் வெளியான ‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளிகளைக் கண்டதென்றால், அதற்குக் கதை மட்டுமே காரணமென்று எவரும் சொல்லத் துணியார், எம். கே. தியாகராஜ பாகவதரின் சாரீரமும், அந்தச் சாரீரத்துக்கு ஈடாகத் தோளில் புரண்ட அவருடைய கேசமுமே காரணம். அந்தக் கேசத்தைப் பார்த்துத் தாமும் முடி வளர்த்துப் பின்னுக்கு வாரிக்கொண்டு திரிந்த வாலிபர்களில் பெரும்பாலோருக்குப் பாட்டு வரவில்லை என்பது உண்மையே. ஆனால் பாட்டு வரும் என்று அவர்களும் எண்ணவில்லை. பாகவதர் பாகவதர்தாம், தாம் தாம்தாம் என்னும் தெளிவு அவர்களுக்கு இருந்தது.

அந்தத் தெளிவு இப்போது போய்விட்டது. அக்காலத்து ரசிகர் பாடகரைத் தலைமேல் வைத்துக்கொண்டார். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் ரசிகரோ பாடகரை மடியில் வைத்துக்கொள்கிறார். முன்னவர் அடியார்; பின்னவர் காப்பாளர். இந்தக் காப்பாளர் வகுப்பைச் சேர்ந்தவர்கள் இன்று தமிழ்நாட்டில் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள். எங்கள் திருக்கழுக்குன்றத்துக்கு வாய்த்தவர் சங்கு தீர்த்தத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறார். அவர் பெயர் வேண்டாம். ரசிக சிகாமணி என்றே வைத்துக்கொள்வோம்.

ரசிக சிகாமணி தாலுகா ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்து, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர். உத்தியோக காலத்தில் அவருக்குச் சங்கீதத்தோடு இருந்த சம்பந்தம், ஆபீஸுக்குப் போகும் வழியில் மலையடிவாரத்துத் தாழக்கோயில் நாதஸ்வரம் காதில் விழுந்தால் நேரமாகிவிட்டதென்று நடையை எட்டிப் போடுவதோடு சரி. விஜய் டிவி 2006-இல் ‘சூப்பர் சிங்கர்’ என்ற போட்டியைத் தொடங்கியதும், அடுத்த வருஷமே சிறுவர் சிறுமியருக்கென்று தனியாக ‘ஜூனியர்’ நடத்தியதும் அவருக்குத் தெரியாது. ஆனால் ஜூனியர் போட்டியின் இரண்டாவது பருவம் ஒளிபரப்பான காலமும் அவர் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த காலமும் ஒன்றாகப் பொருந்திவிட்டன. கையெழுத்துப் போடக் காகிதம் இல்லாமல், அதட்டுவதற்குக் கடைநிலை ஊழியர் இல்லாமல், மாலை நேரம் என்ற ஒன்று இத்தனை நீளமானதா என்று திகைத்து உட்கார்ந்திருந்த ஒரு நாளில், பிரியங்கா என்ற சிறுமி தொலைக்காட்சியில் பாடினாள். 1986-இல் வந்த ‘மௌன ராகம்’ படத்தில் எஸ். ஜானகி பாடிய குயில் பாட்டு அது. இளையராஜா மெட்டமைத்த அந்தப் பாட்டின் வளைவு நெளிவுகளில் பெரியவர்களே வழுக்கி விழுவதுண்டு. அந்தக் குழந்தையோ கண்ணை அகல விழித்துக்கொண்டு, இதில் கஷ்டம் என்ன இருக்கிறது என்று கேட்பவளைப்போலப் பாடிவிட்டுப் போனாள். ரசிக சிகாமணி தம் மேல்துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மணி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, “என்னங்க, கண்ணிலே தூசியா?” என்று கேட்டார். அதற்குப் பதில் வரவில்லை.

பாலகர் பாடினால் உருகுவது இந்த நாட்டுக்குப் புதிதன்று என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மூன்று வயதில் பாடத் தொடங்கியதாக நாம் போற்றும் திருஞானசம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவரும் பாடிய தலம் இது. திருவாசகத்திலும் இந்தத் தலத்துக்கென்று ஒரு பதிகம் உண்டு. ஆனால் நால்வரும் பாடிய இந்த ஊரில் எவரும் நடுவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “இரண்டாவது அடியில் ஸ்ருதி கொஞ்சம் இறங்கிற்று” என்று மதிப்பெண் கொடுத்ததாகப் புராணம் சொல்லவில்லை. அந்தக் குறையை நிவர்த்திக்க வந்தவர் நம்முடைய சிகாமணி.

ஆறு மாதத்துக்குள் அவருக்கு ஒரு புதிய பாஷை கைவந்துவிட்டது. ‘சங்கதி’, ‘கமகம்’, ‘பிட்ச்’, ‘டைனமிக்ஸ்’, ‘ஃபீல்’ ஆகிய ஐந்து சொற்களைக் கொண்டு பிரபஞ்சத்தின் சப்தங்கள் அனைத்தையும் அவரால் விமர்சிக்க முடிந்தது. பஸ் ஸ்டாண்டில் “செங்கல்பட்டு, செங்கல்பட்டு, செங்கல்பட்டேய்!” என்று கூவும் நடத்துநரிடம், முதல் இரண்டும் சரி, மூன்றாவது ‘ஷார்ப்’ ஆகிவிட்டது என்று சொல்லி, அவர் திருதிருவென்று விழிப்பதற்குள் மாமல்லபுரம் பஸ் புறப்பட்டுப் போய்விட்டது; இவர் போக வேண்டியது அந்த மாமல்லபுரம் பஸ்ஸில்தான். தாழக்கோயிலில் நாற்பது வருஷமாக வாசிக்கும் நாதஸ்வரக்காரர் ஒருவரை மறித்து, “அண்ணே, கல்யாணி நல்லா இருந்தது, ஆனா ஃபீல் கொஞ்சம் கம்மி,” என்றார். அவர் வாத்தியத்திலிருந்து சீவாளியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “சார், நான் வாசிச்சது தோடி,” என்றார். “அதைத்தான் சொல்றேன்,” என்று சிகாமணி நகர்ந்துவிட்டார்.

இந்த ஊருக்கும் காத்திருத்தலுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. நாள்தோறும் நண்பகலில் வேதகிரீஸ்வரர் மலைமேல் இரண்டு கழுகுகள் வந்து, பண்டாரத்தின் கையிலிருந்து சர்க்கரைப் பொங்கலை வாங்கிக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. அந்தக் காட்சிக்காக ஐந்நூற்றுச் சொச்சம் படி ஏறி வெயிலில் காத்திருந்தவர்களில் சீமை துரைகளும் உண்டு. 1990-களின் பிற்பகுதியோடு கழுகுகள் வருவது நின்றுவிட்டது. எங்கெங்கும் இந்தப் பாறுக் கழுகுகள் அருகிப்போனதால் இங்கேயும் இல்லையென்று விவரமறிந்தவர்கள் சொல்லுவார்கள். கலி முற்றியதென்று மற்றவர்கள் சொல்லுவார்கள். காரணம் எதுவானாலும், குறித்த நேரத்தில் அண்ணாந்து பார்க்கும் பழக்கம் ஊரை விட்டுப் போகவில்லை. பார்க்கப்படும் பொருள்தான் மலையிலிருந்து கூடத்துச் சுவருக்கு இறங்கிவிட்டது. போட்டி ஒளிபரப்பாகும் இரவில் சிகாமணியின் வீட்டுக் கூடத்தில் ஒரு விசேஷ ஒழுங்கு நிலவும். மிக்ஸி ஓடக்கூடாது. தாளிக்கக்கூடாது. தொலைபேசி மணி அடித்தால், அடித்தவர் ஜில்லா கலெக்டரே ஆனாலும், விளம்பர இடைவேளை வரையில் காத்திருக்க வேண்டும்.

அவர் வெறுமனே ரசித்துக்கொண்டிருந்திருந்தால் இந்தச் சித்திரத்துக்கு அவசியமே நேர்ந்திராது. போட்டி நடத்துபவர்கள் அவர் கையில் ஓர் அதிகாரத்தையும் கொடுத்துவிட்டார்கள். கிட்டப்பாவின் ரசிகருக்குக் கிட்டப்பாவை ஜெயிக்க வைக்கும் பொறுப்பு கிடையாது. ‘ஒன்ஸ் மோர்’ என்று கூவுவதோடு அவர் கடமை முடிந்தது. இவருக்கோ குறுஞ்செய்தி வாக்கு என்னும் ஆயுதம் கிடைத்தது. ஒரு வாக்குக்குச் சாதாரணச் செய்தியைவிடப் பன்மடங்கு கட்டணம் என்று அறிந்தபோது, கீரைக்கட்டுக்கு எட்டணா பேரம் பேசும் அந்த மனிதர் கண்ணிமைக்கவில்லை. தம் வாக்கோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. அக்காலத்தில் கிஸ்தி வசூலுக்குக் கிராமம் கிராமமாக அலைந்த அனுபவம் அப்போது கைகொடுத்தது: நீளவாக்கில் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றில் ‘கேட்பு, வசூல், நிலுவை’ என்று மூன்று பத்திகள் பிரித்து, அடிவாரத்துப் பூக்காரம்மாள் முதல் சைக்கிள் கடைப் பையன் வரையில் ஒவ்வொருவர் கைப்பேசியிலிருந்தும் எத்தனை வாக்கு வசூலாயிற்று, எத்தனை நிலுவை என்று பதிந்து வைத்தார். “அண்ணே, போனைக் கொஞ்சம் குடு,” என்று அவர் கையை நீட்டினால், பாலன்ஸ் இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. பத்து ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்து கொண்டுவந்து வாக்கை வசூலித்துவிடுவார்.

ஆட்டோக்காரர் ஒருவர் மட்டும் வேறொரு பையனுக்கு வாக்களித்துவிட்டதாகத் தகவல் கசிந்தது. விசாரணையில், “இல்ல சார், அந்தப் பையன் பாக்கறதுக்கு என் தங்கச்சி மவன் மாதிரியே இருந்தான், அதான்…” என்று அவர் ஒப்புக்கொண்டார். அவருக்கும் ஒரு குழந்தை வேண்டியிருந்தது என்னும் நியாயம் சிகாமணிக்கு எட்டவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாத காலம் அவர் அந்த ஆட்டோவில் ஏறாமல், முழங்கால் வலியோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போனார்.

குழந்தைக்கு ஒருநாள் மதிப்பெண் குறைந்தது. அன்றிரவு அவர் தூங்கவில்லை. காலையில் நான் போனபோது, முழுநீளத் தாளின் இடது ஓரத்தை மடித்து விளிம்பு விட்டு, கையெழுத்து மாறாமல் எழுதிக்கொண்டிருந்தார். அந்த மனுவை இலக்கிய நயம் கருதி இங்கே தருகிறேன். “பொருள்: இசைப் போட்டி – சிறுமிக்கு மதிப்பெண் குறைத்து வழங்கப்பட்டது – மறுபரிசீலனை கோருதல் – தொடர்பாக. பார்வை: கடந்த வார இரவு ஒளிபரப்பு. பார்வையில் காணும் ஒளிபரப்பின்பால் தங்கள் மேலான கவனம் ஈர்க்கப்படுகிறது. மேற்படி சிறுமி சரணத்தின் இரண்டாம் வரியில் மூச்சு வாங்கியது ஜலதோஷம் காரணமாகவே என்பது கள விசாரணையில் தெரியவருகிறது.” கள விசாரணை எங்கே நடந்தது என்று கேட்டேன். “முகத்தைப் பார்த்தாலே தெரியலையா?” என்றார். பதிவுத் தபாலில் போயிற்று. பதில் இல்லை. நினைவூட்டு ஒன்று போயிற்று, பதில் இல்லை. இரண்டாம் நினைவூட்டும் போயிற்று. வேறு மனிதராயிருந்தால் மனம் கசந்து போயிருப்பார். இவரோ அரசாங்கக் காகிதங்களோடு ஆயுளைக் கழித்தவராகையால், பதில் வராமை என்பது ‘பரிசீலனையில் உள்ளது’ என்னும் பதிலே என்று கொண்டு, நகல்களையெல்லாம் கோப்பில் சேர்த்துக் கயிறு கட்டி வைத்தார்.

பிறகு ஆண்டவனிடம் மேல்முறையீடு. மலையேற முழங்கால் இடங்கொடாமையால் அடிவாரத்தில் பக்தவத்சலேசுவரர் சந்நிதியில் அர்ச்சனைச் சீட்டு வாங்கினார். நான் உடன் இருந்தேன். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, “பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ,” என்றார். பெயரைக் கம்பீரமாகச் சொன்ன சிகாமணி, நட்சத்திரத்தில் நின்றுவிட்டார். தொலைக்காட்சியில் வயது சொன்னார்கள், பள்ளிக்கூடம் சொன்னார்கள், பிடித்த பலகாரம்கூடச் சொன்னார்கள், நட்சத்திரம் சொல்லவில்லை. பின்னால் வரிசை நெருக்கியது. “உத்திராடம்,” என்றார். அது அவருடைய நட்சத்திரம்.

குருக்கள் நிமிர்ந்து பார்த்து, “பேத்தியா?” என்றார்.

“இல்லை குருக்களே. நமக்கு வேண்டிய குழந்தை.”

இவ்வளவும் செய்தும் 2010-இல் அந்தப் பருவத்தின் பட்டம் அல்காவுக்குப் போயிற்று. அல்கா அஜித் அற்புதமாகப் பாடிய சிறுமி என்பதில் விவகாரம் இல்லை. சிகாமணிக்கும் அந்தரங்கத்தில் இல்லை. ஆனாலும் ஒரு வார காலம் அவர் சவரம் செய்துகொள்ளவில்லை. பட்டம் ஓரிடம் போக, பாட்டு வேறோரிடம் நின்றுவிட்டது என்பதுதான் இந்தக் கதையின் விசித்திரம். பிரியங்கா அன்று பாடிய அந்தக் குயில் பாட்டு, வென்றவர் யார் என்பதையே மறந்துவிட்ட ஜனங்களின் கைப்பேசிகளில் இன்றுவரை கூவிக்கொண்டிருக்கிறது. பௌர்ணமிதோறும் கிரிவலம் வரும் கூட்டத்தில் சிகாமணி சட்டைப் பையில் கையை விட்டாரென்றால், பழகியவர்கள் நடையைத் துரிதப்படுத்துவார்கள். பழகாதவர்கள் அந்தப் பாட்டைக் கேட்பார்கள். கேட்டுவிட்டு, உண்மையாகவே நன்றாயிருக்கிறது என்பார்கள். அதில் எனக்கும் உடன்பாடே. இந்த ரசிகர்களைப் பரிகசிப்பது எளிது. அவர்கள் காது முழுக்கப் பொய் என்று நிரூபிப்பது அத்தனை எளிதன்று.

போட்டிகளின் மேல்தான் எனக்குச் சில மனக்குறைகள் உண்டு. பத்து வயதுப் பெண் விரக தாபத்தைப் பாடி முடித்து நிற்கையில், “பாவம் இன்னும் நன்றாக வரவேண்டும்,” என்று நடுவர் சொன்னால், எங்கிருந்து வரவேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறது. வெளியேற்றப்பட்ட குழந்தை அழும்போது அந்த அழுகைக்குப் பின்னணியில் வயலின் வேறு எதற்கு? போகட்டும்.

குழந்தைகள் வளர்கிறார்கள் என்பது இயற்கை நியதி. காப்பாளர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. பிரியங்கா வளர்ந்தார், திரையில் பாடினார், மேடைகளில் பாடினார், அதற்கிடையே பல் மருத்துவமும் படித்து முடித்தார். இந்தக் கடைசிச் செய்தியை யாரோ சொன்ன அன்று சிகாமணி நெடுநேரம் மௌனமாயிருந்தார். பெற்ற பெண் டாக்டரானால் வரக்கூடிய பெருமையும், பட்டுப் பாவாடைக் குழந்தை வெள்ளைக் கோட்டுக்குள் மறைந்துவிட்டதே என்னும் துக்கமும் அவர் முகத்தில் மாறி மாறித் தோன்றின. கடைசியில் அவர் மெதுவாகச் சொன்னார்: “என்ன பிரயோஜனம்? எனக்குத்தான் ஒரு பல்லும் பாக்கியில்லையே!” அவருடைய கட்டுப்பல் வரிசை அப்போது மேஜைமேல் தண்ணீர்க் கிண்ணத்தில் இருந்தது.

அதற்காக அவர் சந்நியாசம் வாங்கிவிடவில்லை. எங்கள் சங்கு தீர்த்தத்தில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சங்கு பிறக்கும் என்பது ஐதிகம். 2011-இல் பிறந்த பிறகு மறுபடி 2024-இல்தான் பிறந்தது. தொலைக்காட்சியிலோ இசை மேதை ஆண்டு தவறாமல் பிறக்கிறது. ஆகவே காப்பாளருக்குக் குழந்தைப் பஞ்சம் இல்லை. 2015 பிப்ரவரியில் ஜூனியர் நான்காம் பருவத்தின் இறுதிச் சுற்றில், கனடாவில் வளர்ந்த ஈழத் தமிழ்ச் சிறுமி ஜெசிக்கா, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் தாய்நாட்டைப் பிரியும் ஜனங்கள் பாடும் அந்த விடைபெறும் பாடலைப் பாடியபோது, சிகாமணி வீட்டுக் கூடத்தில் எவரும் பேசவில்லை. பட்டம் ஸ்பூர்த்திக்கு, ஜெசிக்காவுக்கு இரண்டாம் பரிசாக ஒரு கிலோ தங்கம். அந்தத் தங்கத்தை ஆதரவற்ற குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுவதாக மேடையிலேயே அறிவித்தார்கள். “பாத்தியா, நம்ம குழந்தை!” என்று சிகாமணி எழுந்து நின்றார். அன்று அந்த ‘நம்ம’வை எதிர்த்து எனக்கும் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. யாழ்ப்பாணத்துக் கில்மிஷா 2023 டிசம்பரில் ஜீ தமிழின் ‘சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்’ பட்டத்தை வென்றபோது, தெருவில் அனைவருக்கும் கற்கண்டு கிடைத்தது. ஆட்டோக்காரருக்கும் கிடைத்தது.

கற்கண்டுத் தட்டோடு வந்த அம்மணியிடம், “உங்களுக்கும் இந்தப் பைத்தியம் ஒட்டிக்கொண்டதோ?” என்று கேட்டேன்.

“எனக்கு என்ன தம்பி, அவர் சந்தோஷமா இருந்தா சரி. நம்ம பொண்ணு சித்திரைத் திருவிழாவிலே அறுபத்து மூவர் அன்னிக்குத் தாழக்கோயில்ல தேவாரம் பாடினா. எட்டு வயசு. ஜமாபந்தி வேலைன்னு இவர் வரலை.” அவ்வளவுதான், அடுத்த வீட்டுக்குக் கற்கண்டு கொண்டுபோய்விட்டார். சிகாமணியின் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. விழுந்திருந்தாலும் விளம்பர இடைவேளை முடிந்துவிட்டது.

அந்தப் பெண்ணுக்கு இப்போது தாம்பரத்தில் குடும்பம். பள்ளிக்கூடம் போகும் மகள் ஒருத்தி இருக்கிறாள். கோடை விடுமுறைக்கு வந்த பேத்தியை முன்னால் உட்கார வைத்து, சிகாமணி மிகுந்த ஆவலோடு ஸ்ருதிப் பெட்டியை முடுக்கினார். குழந்தை பாடவில்லை. அவளுக்குப் பாட்டில் இஷ்டமே இல்லையாம். 2022-இல் மாமல்லபுரத்துக்கு அருகே பூஞ்சேரியில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது தகப்பனாரோடு வந்து பார்த்தவள், அன்று முதல் சதுரங்கப் பலகையும் கையுமாக இருக்கிறாள். ஸ்ருதிப் பெட்டி அணைந்தது. சிகாமணி பலகைக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“குதிரையை நகத்தினது பிரமாதம் கண்ணு. ஆனா அந்த மந்திரியிலே டைனமிக்ஸ் போதாது.”

“தாத்தா, உங்க ராஜாவுக்கு செக்.”

“அது இருக்கட்டும். போட்டியிலே யார் ஜெயிச்சாங்கன்னு எப்படி முடிவு பண்றாங்க? நடுவர் உண்டா?”

“உண்டு தாத்தா. ஆனா அவர் மார்க் போட மாட்டார். சும்மா சுத்தி வருவார்.”

“அப்போ ஓட்டு?”

“ஓட்டா? எதுக்கு? ராஜா மாட்டிக்கிட்டா ஆட்டம் முடிஞ்சது.”

எவருடைய தயவும் இன்றி, ஒரு வாக்குக்கூட இன்றி, ஒரு குழந்தை தானாகவே ஜெயித்துவிடக்கூடிய போட்டி உலகத்தில் உண்டென்பதை அவரால் ஜீரணித்துக்கொள்ள முடியவில்லை. இரவு சாப்பாடு செல்லவில்லை. பேத்தி தூங்கிய பிறகு கூடத்து விளக்கைப் போட்டுக்கொண்டு, முழுநீளத் தாளை எடுத்து, இடது ஓரத்தை மடித்து விளிம்பு விட்டு, எழுத ஆரம்பித்தார்: “பொருள்: சதுரங்கப் போட்டி – பார்வையாளர் வாக்களிப்புக்கு வகை செய்யக் கோருதல் – தொடர்பாக.”